பிள்ளைகள் கேட்ட கதை, பெரியவர்கள் கொடுத்த கதை

சிறார் கதையை எழுதுபவர் பெரியவர். அச்சிடுபவர், விற்பவர், மதிப்புரை எழுதுபவர், பரிசுக்குத் தேர்ந்தெடுப்பவர், பள்ளி நூலகத்துக்குப் பட்டியல் போடுபவர், காசு கொடுத்து வாங்குபவர் எல்லோரும் பெரியவர்களே. படிக்க வேண்டியவர் மட்டும் எட்டு வயதோ பத்து வயதோ ஆன பிள்ளை. வேறெந்த இலக்கிய வகையிலும் வாசகருக்கு இவ்வளவு குறைந்த உரிமை கிடையாது.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகமே தொடுவதில்லை” என்ற புலம்பல் எழும்போதெல்லாம் கைபேசியைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கைபேசிக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தை ஏன் விரும்பிப் படிக்கிறது? யாரும் சொல்லாமலேயே அடுத்த புத்தகத்தைத் தேடிப் போக வைப்பது எது? உலகச் சிறார் புனைவின் சில திருப்புமுனைகளையும், தமிழில் கடந்த முக்கால் நூற்றாண்டில் வந்த இதழ்களையும் நூல்களையும் வைத்து இந்தக் கேள்வியைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறார் புனைவுக்கு முதல் அளவுகோல் பிள்ளையின் இன்பம். மொழியறிவு, நற்பண்பு, உலக அறிவு என்று நாம் எதிர்பார்க்கும் நன்மைகள் எல்லாம் அந்த இன்பத்தின் வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

தீர்ப்புச் சொன்ன பிள்ளைகள்

சிறார் இலக்கியத்தின் வரலாற்றைப் புரட்டினால், பெரிய நூல்கள் பலவற்றின் பிறப்பில் ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது.

1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஒரு படகுப் பயணத்தில், கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன் மூன்று சிறுமிகளுக்குக் கதை சொன்னார். அவர்களில் ஒருத்தியான ஆலிஸ் லிடெல், அதை எழுதித் தரும்படி விடாமல் கேட்டாள். எழுதிய கையெழுத்துப் பிரதி எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப்பட்டது. இப்படி அறுபதாயிரம் புத்தகங்கள் வேண்டும் என்று ஆசைப்பட்டான் அந்த வீட்டுச் சிறுவன். 1865-இல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ வெளிவந்தது.

1881-இல் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில், மழையால் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகன் லாய்டுடன் சேர்ந்து ஒரு கற்பனைத் தீவின் வரைபடம் வரைந்தார். அந்த வரைபடத்திலிருந்து முளைத்ததுதான் ‘புதையல் தீவு’. அத்தியாயம் எழுதி முடித்ததும் அந்தச் சிறுவனுக்கு வாசித்துக் காட்டினார். கதையில் பெண்கள் வரக்கூடாது என்பது லாய்டு போட்ட நிபந்தனை. அந்த நிபந்தனைக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

1936-இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து அறிக்கை கேட்டார். சிறுவனுக்குக் கூலி ஒரு ஷில்லிங். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அவன் எழுதிக் கொடுத்தான். மறு ஆண்டே நூல் வெளிவந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து இதே கதை வேறு வடிவில் நடந்தது. ஹாரி பாட்டரின் முதல் நூலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. புளூம்ஸ்பரி நிறுவனத்தின் தலைவர் நைஜல் நியூட்டன் தொடக்க அத்தியாயத்தை எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு மீதியை உடனே கேட்டு நச்சரித்தாள். 1997-இல் நூல் வந்தது. பிறகு நடந்தது உலகறிந்தது.

ரஷ்யாவிலிருந்து தமிழுக்கு வந்த ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ நூலுக்கும் இதே பிறவிதான். காது வலியால் துடித்துக்கொண்டிருந்த மகளுக்காக, அலெக்சாந்தர் ரஸ்கின் தம் சிறுவயதில் செய்த கோணங்கித்தனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த நிகழ்வுகளில் வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்டது ஒன்றே: அப்புறம் என்ன ஆச்சு? கதையின் கருத்து என்ன, அதில் என்ன பாடம் இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. பதிப்பகத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அந்தக் கதைக்குள் இருந்தாள். பெரியவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

இன்பம் எதில் இருக்கிறது?

பிள்ளைகள் விரும்பிய கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சில பொதுக் கூறுகள் தெரிகின்றன.

முதலாவது, பெரியவர்கள் இல்லாத வெளி. எனிட் பிளைட்டன் 1942-இல் தொடங்கிய ‘ஐவர்’ வரிசையின் 21 நாவல்களிலும் விடுமுறை வரும், பெற்றோர் எங்காவது போவார்கள், பிள்ளைகளும் நாயும் ஒரு மர்மத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். எரிக் கெஸ்ட்னர் 1929-இல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ நாவலில் ரயிலில் பணத்தைப் பறிகொடுத்த சிறுவன், முன்பின் தெரியாத பெர்லின் நகரத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு திருடனைத் துரத்துகிறான். நாள் முழுவதும் எழு, குளி, சாப்பிடு, எழுது என்று கட்டளை கேட்டே வாழும் பிள்ளைக்கு, முடிவெடுக்கும் அதிகாரம் தன் வயதுக்காரர் கையில் இருக்கும் உலகம் எவ்வளவு பெரிய விடுதலை!

இரண்டாவது, விதிகள் உள்ள மாயம். பிள்ளைகளுக்குக் கற்பனை என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை எடுத்துக்கொள்வோம். 1962-இல் பிரிட்டிஷ் வார இதழான ‘வேலியன்ட்’டில் பிறந்த பாத்திரம் இது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மின்சாரத்தின் வேகம் தீர்ந்ததும் உருவம் திரும்பிவிடும்.

இந்த மூன்று விதிகளில்தான் கதையின் உயிர் இருக்கிறது. மாயாவி எதிரியின் அறைக்குள் நுழைகிறான் என்றால், படிக்கும் சிறுவனின் மூளை மும்முரமாக வேலை செய்கிறது. கை தெரிந்துவிடுமே, அதை எங்கே ஒளிப்பான்? அறையில் மின்சாரப் பிளக் இருக்கிறதா? நேரம் ஆகிறதே, உருவம் தெரிந்துவிடுமோ? முழுக்க மறைந்துவிடும் ஒருவனாக இருந்தால் அவனுக்காகப் பயப்பட எதுவும் இல்லை. அவன் பலத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பலவீனம்தான் பத்து வயது வாசகரைப் பக்கத்தோடு பிணைத்துப் போடுகிறது. காரணகாரியம், நிபந்தனை, விளைவு என்று தர்க்கத்தின் எல்லா அடிப்படைகளையும் அந்தச் சிறுவன் அங்கே பயில்கிறான். பயில்கிறோம் என்று தெரியாமலே பயில்கிறான்.

மூன்றாவது, பெரியவர்களின் தவறைப் பார்த்துச் சிரிப்பது. வீரமாமுனிவர் எழுதிய ‘பரமார்த்த குரு கதை’ முந்நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்கு இதுவே காரணம். குருவும் முட்டாள், சீடர்களும் முட்டாள். படிக்கும் பிள்ளைதான் அங்கே அறிவாளி. தெனாலிராமன் கதைகளில் அரசனும் ராஜகுருவும் ஏமாறுகிறார்கள். ரஸ்கினின் நூலில் அப்பாவே தவறு செய்கிறார். அழகான பெரிய பந்து ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. மோட்டார் வண்டிக்கு அடியில் உருட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வருகிறது. உருட்டிவிடுகிறார், பந்து போகிறது. தன்னை நாள்தோறும் திருத்தும் அப்பாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார் என்று தெரியும்போது பிள்ளைக்கு வரும் நிம்மதி எந்த அறிவுரையாலும் வராது. அங்கே அறம் இல்லாமல் இல்லை. தன் தவற்றை மறைக்காமல் சொல்லும் அப்பா என்பதே பெரிய அறம். அது சிரிப்போடு உள்ளே போய்விடுகிறது.

நான்காவது, திரும்பத் திரும்ப வருதல். ஒரே புத்தகத்தைப் பலமுறை படிக்கும் பிள்ளையைப் பார்த்து “இதைத்தான் படிச்சாச்சே” என்று பிடுங்குகிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருக்கவும், பக்கங்களைத் தாண்டிப் போகவும், பாதியில் விடவும், மறுபடி படிக்கவும், எதை வேண்டுமானாலும் படிக்கவும் வாசகருக்கு உரிமை உண்டு என்றார். பெரியவர்கள் இந்த உரிமைகளைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குத்தான் மறுக்கிறோம். முடிவு தெரிந்த கதையைப் படிக்கும் பிள்ளை அந்த உலகத்தில் கொஞ்ச நேரம் வசிக்கப் போகிறது. தொடர் வரிசைகள் வெற்றி பெறுவதன் ரகசியமும் அதுவே.

தமிழில் கதை கொடுத்தவர்கள்

இந்த இன்பங்களை அச்சில் கொடுக்கும் வேலையைத் தமிழில் முதலில் பெரிய அளவில் செய்தவை இதழ்கள். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய இதழ் தமிழில் ‘அம்புலிமாமா’ ஆனது. குடும்ப ராவ் நெடுங்காலம் அதற்குத் தூணாக இருந்தார். வேதாளக் கதைகளுக்கு ஓவியர் சங்கர் வரைந்த படம் மூன்று தலைமுறைக்கு மனப்பாடம்: தோளில் பிணம், கையில் வாள், சுடுகாட்டுப் பாதை, திரும்பிப் பார்க்காமல் நடக்கும் விக்கிரமன்.

அந்தக் கதையின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். வேதாளம் கதை சொல்லும். முடிவில் ஒரு புதிர் போடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். விக்கிரமன் பதில் சொல்வதற்கு முந்தைய அந்த நொடியில் வாசகரும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மூவரில் யார் செய்த தியாகம் பெரிது? உண்மையில் குற்றவாளி யார்? பிள்ளை தனக்குள் ஒரு விடை வைத்துக்கொண்டுதான் அடுத்த பத்திக்குப் போகிறது. விக்கிரமன் சொன்னது தன் விடையோடு ஒத்துப்போனால் பெருமிதம், மாறினால் யோசனை. நீதியை ஊட்டாமல், நீதிபதியின் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைக்கும் உத்தி இது. மூலத்தில் இருந்த இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் புதிது புதிதாக எழுதி இதழ் பல்லாண்டு ஓடியதற்கு இந்த உத்தியே காரணம்.

1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அழ. வள்ளியப்பா அதன் உயிர்நாடி. அதே காலத்தில் கலைமகள் நிறுவனத்திலிருந்து ஆர்.வி.யை ஆசிரியராகக் கொண்டு ‘கண்ணன்’ வந்தது. பின்னர் 1972-இல் கல்கி நிறுவனத்திலிருந்து ‘கோகுலம்’. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் தலைமை ஏற்ற பெ. தூரன், ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சூரப்புலி’ போன்ற சாகசக் கதைகளையும் எழுதினார். ஒரு கலைக்களஞ்சிய ஆசிரியர் சாகசக் கதையைத் தரக்குறைவாக நினைக்கவில்லை என்பது மனத்தில் கொள்ளத்தக்கது. கல்வி கோபாலகிருஷ்ணன் அறிவியலைக் கதைக்குள் கொண்டுவந்தார். பூவண்ணனும் ரேவதியும் தம்பி சீனிவாசனும் தொடர்ந்து எழுதினார்கள்.

இவர்களுள் வாசகப் பிள்ளையின் நாடியைத் துல்லியமாகப் பிடித்தவர் வாண்டுமாமா. புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் 1925-இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, அந்தப் புனைபெயரில் கதை, நாவல், படக்கதை, அறிவியல், பொது அறிவு என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். ‘ஓநாய்க்கோட்டை’யும் ‘பலே பாலு’வும் ‘பூந்தளிர்’ இதழும் அவர் பெயரைச் சொல்லும். அத்தியாயத்தை எங்கே நிறுத்தினால் வாசகர் அடுத்த இதழுக்காகக் காத்திருப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. 2014-இல் அவர் மறைந்தபோது அஞ்சலி எழுதியவர்களில் பலர் அவர் கதையைப் படித்து வளர்ந்தவர்களே. ஆனால் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010-இலிருந்து வழங்கப்பட்டும், அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிள்ளைகளின் தீர்ப்பும் பெரியவர்களின் தீர்ப்பும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

மொழிபெயர்ப்புகளின் பங்கும் பெரியது. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாக மலிவு விலையில் வந்த சோவியத் நூல்கள், வண்ணப் படங்களும் கெட்டி அட்டையுமாகச் சிற்றூர்ப் பிள்ளைகள் வரைக்கும் போயின. 1991-க்குப் பிறகு அந்த ஊற்று நின்றது. ஜப்பானில் 1981-இல் வெளியான தெத்சுகோ குரோயானகியின் ‘டோட்டோ-சான்’ நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கு வந்து ஆசிரியர்களின் கைநூலாகவே ஆகிவிட்டது. வெ. ஸ்ரீராமும் மதன கல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்த ‘குட்டி இளவரசன்’ இன்றும் மறுபதிப்பு காண்கிறது. மலையாளச் சிறார் நூல்களை யூமா வாசுகி தொடர்ந்து தமிழாக்கியிருக்கிறார்.

நீதி என்னும் சுமை

இவ்வளவு இருந்தும் பிள்ளைகளுக்குக் கதை நூல் ஏன் அந்நியமானது? பெரும்பாலான சிறார் நூல்களைப் பாடநூலின் தம்பியாக ஆக்கிவிட்டோம் என்பதே முதன்மைக் காரணம். கதை முடிந்ததும் கட்டம் கட்டி ‘நீதி’ போடுகிறோம். கெட்ட பையன் இரண்டு பக்கத்தில் திருந்திவிடுகிறான். மரம் பேசுகிறது, ஆனால் மரம் நடு என்று மட்டுமே பேசுகிறது. பறவை வருகிறது, சிறுசேமிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறது. பிள்ளைக்கு இது உடனே தெரிந்துவிடுகிறது. கதை என்று அழைத்து வந்து வகுப்பு எடுக்கிறார்கள் என்று புரிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது.

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை ஆசையாக ஒரு கதையைப் படித்து முடித்து நிமிர்கிறது. “இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று கேட்டுவிடுகிறோம். திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும் நம்மிடம் யாராவது அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

இன்னொரு பக்கம், பிள்ளைகள் கொண்டாடிய வகைகளையே நாம் பழித்தோம். படக்கதை படித்தால் படிப்புக் கெடும் என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. அமெரிக்காவில் 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸே காரணம் என்று நூல் எழுதினார். பதிப்பாளர்கள் அஞ்சித் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதித்துக்கொண்டார்கள். வெர்தாம் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் என்பதை 2012-இல் ஆய்வாளர் கேரல் டில்லி அவருடைய குறிப்புகளைக் கொண்டே நிறுவினார். தமிழ்நாட்டில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து முத்து, லயன், ராணி காமிக்ஸ் படித்த தலைமுறைதான் பின்னாளில் நாவல்களைத் தேடிப் படித்தது. அந்த இதழ்கள் கொடுத்த வாசிப்பு வேகத்தை எந்தப் பள்ளியும் கொடுக்கவில்லை.

மொழியும் ஒரு தடை. வீட்டில் பேச்சுத் தமிழ், பள்ளியில் எழுத்துத் தமிழ் என்ற இடைவெளியை ஏழு வயதுப் பிள்ளை தாண்ட வேண்டியிருக்கிறது. நீண்ட சொற்களைச் சேர்த்தெழுதி, பொடி எழுத்தில், ஒரே பத்தியாக அச்சிட்டால் எவ்வளவு நல்ல கதையானாலும் அது பிள்ளைக்குச் சுவராகிவிடுகிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களாக வந்தது இந்த வகையில் சரியான திசை. உரையாடலில் பேச்சு வழக்கைத் தயங்காமல் எழுதும் இன்றைய சிறார் எழுத்தாளர்களும் இந்த இடைவெளியைக் குறைக்கிறார்கள்.

இன்பம் மட்டும் போதுமா?

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். பிள்ளைக்குப் பிடித்தது எல்லாம் நல்லதா? லாய்டு போட்ட நிபந்தனையை நினைவுபடுத்திக்கொள்வோம். ‘புதையல் தீவு’ பெண்களையே ஏறக்குறைய வெளியே தள்ளிவிட்டது. பிளைட்டனின் கதைகளில் அந்நியர்களும் கருநிறத்தவரும் சித்திரிக்கப்பட்ட விதம் இன்று கூசவைக்கிறது. அம்புலிமாமாவின் கதைகள் பலவற்றில் இளவரசி என்பவள் வெற்றி பெற்றவனுக்குக் கிடைக்கும் பரிசு. கதையின் சுவையோடு இந்த எண்ணங்களும் உள்ளே போகின்றன என்பது உண்மை. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் மருந்து எது என்பதில் கவனம் வேண்டும். 2010-இல் பிளைட்டனின் நூல்களைப் பதிப்பாளர்கள் இன்றைய பேச்சுக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள். வாசகர்கள் ஏற்கவில்லை, 2016-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பழைய கதையின் மேல் சாந்து பூசுவதைவிட, இதுவரை கதைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளை நாயகர்களாக்கி, அதே சுவையோடு புதிய கதை எழுதுவதே வழி.

தமிழில் அது நடந்துகொண்டிருக்கிறது என்பது மகிழ்ச்சியான செய்தி. 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் தொந்தரவு என்ற கனமான விஷயத்தைப் பேசுகிறது. ஆனால் பேசும் பொம்மை ஒன்று பிள்ளைக்குத் தோழியாக வருவதால், நூல் முதலில் கதையாக நிற்கிறது. 2023-இல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாக்கி, தொல்லியலைச் சாகசமாக்குகிறது. 2025-இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ ஒரு சிறுமியைக் கற்பனைக் கதையின் நடுவில் நிறுத்துகிறது. வானம், புக்ஸ் ஃபார் சில்ரன், தூலிகா, பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் ஓவியத்துக்கும் அச்சுக்கும் கொடுக்கும் கவனமும் கூடியிருக்கிறது. இந்த நூல்களை ஆசிரியர்களும் பெற்றோரும் பாராட்டுகிறார்கள். இவற்றின் உண்மையான சோதனை இனிமேல்தான் இருக்கிறது: ஒரு பிள்ளை இதைப் படித்து முடித்துவிட்டுத் தன் நண்பனிடம் “நீயும் படிடா” என்று கொடுக்கிறதா?

செய்ய வேண்டியவை

இன்பத்துக்காகப் படிப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்குச் சான்று உண்டு. 2000-இல் முதன்முறையாக நடந்த பீசா பன்னாட்டுத் தேர்வின் முடிவுகள் ஒரு செய்தியைச் சொல்லின. பெற்றோர் தாழ்ந்த நிலை வேலைகளில் இருந்தாலும் ஆர்வமாகப் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகள், உயர்ந்த நிலை வேலைகளில் இருப்பவர்களின் வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளைவிட வாசிப்புத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். கூலித் தொழிலாளியின் மகளுக்கும் உயர் அதிகாரியின் மகனுக்கும் இடையே பிறப்பு போட்ட தூரத்தைக் கதைப் புத்தகம் குறைக்கிறது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த நம் அரசுப் பள்ளிகளுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். சிறார் நூல் விருதுகளின் தேர்வுக் குழுவில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். இறுதிப் பட்டியலையாவது அவர்கள் கையில் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நூலகத் துறை சிறார் நூல்களை வாங்கும்போது, எந்த நூலைப் பிள்ளைகள் அதிகம் இரவல் எடுத்தார்கள் என்ற பதிவேட்டையும் பாருங்கள். பள்ளி நூலகப் பீரோவின் பூட்டைத் திறந்து வையுங்கள். புத்தகம் கிழிந்தால் அது படிக்கப்பட்டது என்று பொருள். ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரு கதையை வாய்விட்டு வாசியுங்கள்; முடிவில் கேள்வி கேட்காதீர்கள். எழுத்தாளர்களே, அச்சுக்கு அனுப்பும் முன் உங்கள் கதையை ஒரு பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். அது நெளியும் இடத்தைக் குறித்துக்கொண்டு வெட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. அடுத்த புத்தகக் காட்சிக்குப் போகும்போது பிள்ளையின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்து, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பேய்க் கதையோ காமிக்ஸோ, எதை எடுத்தாலும் முகம் சுளிக்காமல் பில் போடச் சொல்லுங்கள். தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுத்துப் படித்த பிள்ளைதான் நாளைக்கு நல்லதையும் தேடிப் படிக்கும்.